யாருக்கும் சொந்தமில்லாத மோட்டார்

“உங்க சுரங்கம், உங்க தண்ணி. நீங்கதான் இறைக்கணும்!”

“எங்க சுரங்கமா? கட்டுனதோட எங்க வேலை முடிஞ்சுது சார். ஒப்படைச்சு ஆறு வருசமாச்சு!”

“யாருட்ட ஒப்படைச்சீங்க? நாங்க வாங்கவே இல்லையே. வாங்குன கையெழுத்து எங்க? காட்டுங்க, இப்பவே பேன்ட்ட மடிச்சுக்கிட்டு இறங்குதேன்!”

“ஏ அய்யா, ரெண்டு பேருமே இறங்குங்க. ஆழம் எம்புட்டுன்னாவது எங்களுக்குத் தெரியட்டும்!”

மூன்றாவது குரல் செல்வமாரியுடையது. ஊசிமேட்டில் ஒலிபெருக்கி வாடகைக்கு எடுக்கிற வழக்கமில்லை, செல்வமாரி இருக்கிறாள். முந்தின நாள் தண்டவாளத்தைத் தாண்டும்போது ரயில் ஊதிய ஊதலில் சரளைக்கல்லில் உருண்டு முழங்காலைப் பெயர்த்திருந்தாள். கால்தான் கட்டுப் போட்டிருந்தது, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

ஊசிமேட்டுக்காரர்களின் எண்பத்திரண்டு வீடும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். பஸ், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம் இந்தப் பக்கம். ஆறு வருடத்துக்கு முன் ரயில் கேட்டை மூடிவிட்டு, பாதைக்கு அடியில் சுரங்கம் தோண்டிக் கொடுத்தார்கள். மூன்று நாள் ஐப்பசி மழையில் அதில் இப்போது கழுத்தளவு தண்ணீர், கரிசல் கரைந்து கறுப்புக் காப்பி மாதிரி நிற்கிறது. இறைக்க வேண்டிய மோட்டார் மோட்டார் ரூமில் இல்லை.

சண்டை போட்டவர்களில் ஒருவர் சாமித்துரை, சுரங்கத்தைக் கட்டிய ஆபீஸின் இன்ஜினியர். இன்னொருவர் முத்துகிருஷ்ணன், கட்டியதை வாங்கிப் பராமரிக்க வேண்டிய ஆபீஸின் இன்ஜினியர். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஒரே கடையில் டீ குடிப்பவர்கள். சுரங்கம் என்று வந்தால் மட்டும் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு மாதிரி முறைத்துக்கொள்வார்கள்.

இந்தக் கூத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார் சொர்ணத்தாய். முப்பத்தொரு வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் பதிவறையில் பைல்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வு பெற்றவர். இப்போது கோவில்பட்டியில் துப்பறிகிற வேலை. பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான். பைலில் என்ன இருக்கிறது என்று மற்றவர்கள் பார்ப்பார்கள். என்ன இல்லை என்று பார்த்து ஆளைப் பிடிப்பார் இவர். பக்கத்தில் பைக்கில் சாய்ந்து நின்றவன் அஸ்லம், அவருடைய உதவியாளன். சொந்தமாக ஒரு மோட்டார் ரிப்பேர் கடை உண்டு. ‘இன்று விடுமுறை’ பலகையைக் கழற்றினால்தான் தெருவில் என்ன விசேஷம் என்று கேட்பார்கள்.

சொர்ணத்தாயின் முழங்கையைப் பிடித்தபடி நின்ற வெயிலுகந்தம்மாளுக்கு அழக்கூட நேரமில்லை. புருஷன் வெயிலுமுத்துவை முந்தின நாள் மாலை போலீஸ் கொண்டுபோய்விட்டது. காணாமல் போன மோட்டார் அவர் வீட்டில், சாக்கில் சுற்றிக் கிடந்தது. புகார் கொடுத்தவர் சாமித்துரை. இன்று நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவார்கள், அங்கிருந்து ஜெயில். மகள் காளீஸ்வரிக்குக் கழுகுமலையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். அந்த மாப்பிள்ளையை விசாரித்துச் சொன்னதே சொர்ணத்தாய்தான். மாமனார் ஜெயிலில் என்றால் அந்த வீட்டார் வெற்றிலையைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

“அக்கா, நாலு மணிக்குள்ள எப்படியாவது கண்டுபிடிங்க,” என்றாள் வெயிலுகந்தம்மாள், பத்தாவது தடவையாக.

“உங்க வீட்டுக்காரர் எடுத்தாரா, இல்லையா?”

“அத நீங்கதான் கண்டுபிடிக்கணும்.”

“நீங்க என்ன, பரீட்சையா வைக்கிறீங்க?” என்றான் அஸ்லம்.

சொர்ணத்தாய் சுரங்கத்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அஸ்லம், செவத்துல தண்ணி நின்ன கறை எத்தன கோடு தெரியுது?”

“ஒண்ணுதான்க்கா. இப்ப நிக்கிற தண்ணிக்கு ஒரு சாண் மேல.”

“ஆறு ஐப்பசி பாத்த செவரு. கண்மாய் மதகப் பாரு, வருசத்துக்கு ஒரு கோடு கிடக்கும். இங்க ஏன் ஒண்ணே ஒண்ணு?”

“தண்ணி வந்திருக்கும்க்கா. ரெண்டு ஆபீசும் அடிச்சுக்கிடுதத பாத்துட்டு, வெக்கப்பட்டுத் திரும்பிப் போயிருக்கும்.”

சொர்ணத்தாய் இன்ஜினியர்களிடம் போனார். “சார், ஒரு சந்தேகம். போன வருசம் தண்ணிய யாரு இறைச்சது?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். காலையிலிருந்து அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

“போன வருசம் தண்ணி தேங்கலம்மா,” என்றார் சாமித்துரை.

“போன கார்த்திகைல கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல படகு விடாத குறை. பள்ளத்துல கிடக்குத சுரங்கத்துல தேங்கலையா?”

“எங்க ரெக்கார்டுல இல்ல,” என்றார் முத்துகிருஷ்ணன்.

சொர்ணத்தாய் திரும்பி நடந்தார். “மோட்டாரை எடுத்தது யாருன்னு எல்லாரும் கேக்காவ. ஆறு வருசமா ஓட்டுனது யாருன்னு ஒருத்தரும் கேக்கலை.”

வெயிலுகந்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இவ்வளவு நேரம் ஓயாமல் கத்திக்கொண்டிருந்த செல்வமாரி சட்டென்று தன் முழங்கால் கட்டைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தாள்.

ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர் இசக்கிபாண்டி டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். மணி ஒன்று.

“யக்கா, எனக்கு மட்டும் ஆசையா? அரசாங்கப் பொருளு. புகாரும் இருக்கு, பொருளும் வீட்டுல இருந்துச்சு. அந்த மனுசன் வாயத் திறந்து ஒரு பொய்யாவது சொன்னா நான் எதையாவது எழுதுவேன். அதுவும் சொல்ல மாட்டேங்காரு.”

மூலையில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் வெயிலுமுத்து. சொர்ணத்தாய் எதிரே உட்கார்ந்தார்.

“அண்ணாச்சி, மோட்டாரை எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“எதுக்கு?”

வெயிலுமுத்து கழுத்துப் பொத்தானைத் தடவிக்கொண்டார்.

“விக்கவா?”

அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் இசக்கிபாண்டியே டிபன் பாக்ஸை மூடிவிட்டார். “என்னைய எதுவும் கேக்காதீங்க தாயி. உள்ள போடணும்னா போடட்டும். பிள்ளைகிட்ட மட்டும் அப்பன் களவாணி இல்லன்னு சொல்லிருங்க.”

“சொன்னா பிள்ளையே கேக்குமே, பெறகு எதுக்கு எடுத்தாருன்னு.”

வெயிலுமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

சொர்ணத்தாய் புகாரின் நகலை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்குள் அஸ்லம் மோட்டாரின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்து, வயர் சேர்கிற பெட்டியின் மூடியைக் கழற்றியிருந்தான்.

“யக்கா, இங்கன வாங்க. மூடிக்கு உள்பக்கம் பாருங்க.”

மூடியில் ஆணியால் கீறிய எழுத்துகள். நாலு பெயர், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தேதி. செல்வமாரி. முத்துசெல்வம். சுடலைக்குமார். வன்னியபெருமாள். நாலும் வெவ்வேறு வருடம், எல்லாம் மழைக்காலத்துத் தேதி.

“அல்லாபிச்சை அண்ணாச்சி வேலை இது. கருகுன மோட்டாருக்குக் காயில் கட்டுதவர். சீட்டு எழுதிக் கொடுத்தா தொலைச்சிட்டு வந்து சண்டை போடுதாவன்னு, கொண்டு வந்த ஆள் பேர மூடிலயே கீறி வச்சிருவாரு.” போனைப் போட்டு ஒலிபெருக்கியை அழுத்தினான். “அண்ணாச்சி, ஊசிமேட்டு மோட்டார் ஒண்ணு...”

“அந்த அனாத மோட்டாரா?” என்றது அல்லாபிச்சையின் குரல். “அநேகமா வருசத்துக்கு ஒருக்க வரும், வேற வேற ஆள் தூக்கிட்டு வருவாவ. ஊர் மோட்டாரான்னு கேட்டேன், இல்லன்னாவ. ஆபீஸ் மோட்டாரான்னேன், அதுவும் இல்லன்னாவ. பெறகு யாருதுய்யான்னா, ‘சீக்கிரம் கட்டிக் குடுங்க, மழை வருது’ங்காவ. இந்த வருசம் இன்னும் வரலையே, நல்லா இருக்கா?”

“நல்லா இருக்கு. ஸ்டேஷன்ல உக்காந்திருக்கு,” என்று அஸ்லம் போனை வைத்தான். “ஒரு மோட்டாருக்கு நாலு பேரு. களவாங்குனவன் எவனாவது மோட்டார நாலு தடவ ரிப்பேர் பாத்துத் திரும்ப அதே இடத்துல மாட்டுவானாக்கா? அப்படி ஒரு கள்ளன் இருந்தா என் கடைய அவன்ட்ட ஒப்படைச்சிருவேன்.”

“உன் கடையக் கள்ளனும் வாங்க மாட்டான். வண்டிய எடு.”

பைக்கை இந்தப் பக்கமே நிறுத்திவிட்டு, தண்டவாளத்தை இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டி, ஊசிமேட்டில் வெயிலுமுத்து வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. தெருவில் ஒரு தலை தெரியவில்லை. ஆனால் எல்லாக் கதவும் ஒரு விரல்கடை திறந்திருந்தது. வெயிலுகந்தம்மாள் வாசலிலேயே நின்றாள். நிலைக்கதவின் மேல் ஒரு பூவரசங்கம்பு சாய்த்து வைத்திருந்தது. பல கை பட்டுப் பட்டு வழுவழுப்பாயிருந்தது. அதன் தலையில் சிவப்பு நூலில் ஒரு சாவி.

“வெயிலுகந்தம்மா, உங்க வீட்டுல ஆடு இருக்கா?”

“இல்லக்கா.”

“மாடு?”

“வித்து மூணு வருசமாச்சு.”

“பெறகு கம்பு எதுக்கு?”

சொர்ணத்தாய் சாவியை அவிழ்த்து அஸ்லமிடம் கொடுத்தார். பாதை மேட்டிலிருந்த மோட்டார் ரூமுக்கு ஓடிப்போய், மூச்சு வாங்கத் திரும்பி வந்தான் அவன்.

“திறந்திருச்சுக்கா. ஆபீஸ் பூட்டே இல்ல. நம்ம மார்க்கெட்டுல விக்கிற பூட்டு.”

சொர்ணத்தாய் வாசல்படியில் உட்கார்ந்தார். “நான் சொல்லுதேன், தப்புன்னா நிறுத்துங்க. இந்தக் கம்பு எந்த வீட்டு வாசல்ல நிக்கோ, அன்னைக்கு அந்த வீட்டு முறை. ஆடு மேய்க்க ஊர்ல முறை வைக்கிற மாதிரி சுரங்கத்துக்கும் முறை. தண்ணி இறைக்கணும், சேறு வழிக்கணும், மறுநாள் கம்ப அடுத்த வீட்டுல சாத்தணும். மோட்டார் யாரு முறைல கெட்டாலும் அவியதான் சரி பண்ணணும். கெட்ட மோட்டாரோட கம்ப நகத்தக் கூடாது. உங்க முறைல கருகிட்டு. வானம் வெளுத்துக் கிடந்தது, காலைல கொண்டுபோயிரலாம்னு இவரு கழட்டி வீட்டுல வச்சாரு. அன்னைக்குச் சாயங்காலமே மழை கொட்டிட்டு. தண்ணிய இறைக்க வேண்டிய மோட்டாரு வண்டி தாண்ட வழியில்லாம தண்ணிக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டு. சரியா?”

வெயிலுகந்தம்மாள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நான் ஒண்ணும் சொல்லலை. சாமி சாட்சியா நான் ஒத்த வார்த்த சொல்லலை. நீங்களாக் கண்டுபிடிச்சீக.”

சொர்ணத்தாய்க்கே அது புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“அடிப்பாவி. உனக்கு எல்லாம் தெரியும். சத்தியம் பண்ணியிருக்கீங்க, இல்ல? சுடலைமாடன் கோயில்லயா? ஊருக்கு வெளிய ஒருத்தருட்டயும் சொல்லக் கூடாதுன்னு. அதான் என்னைக் கூப்பிட்டியாக்கும். நீ சொன்னா சத்தியம் போச்சு. நான் கண்டுபிடிச்சா போகாது.”

அவள் ஆமென்று தலையசைத்தாள்.

சத்தியத்துக்குக் காரணம் எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சுரங்கம் திறந்த புதிதில் ஒரு அதிகாரி வந்து, ‘ஊர் சார்பா ஒருத்தர் கையெழுத்துப் போட்டு ஏத்துக்கிட்டா போதும்’ என்று காகிதத்தை நீட்டினார். அப்படிக் கையெழுத்துப் போட்டுத் தண்ணீர்த் தொட்டியை வாங்கிக்கொண்ட பக்கத்து ஊர், இன்றுவரை அந்தத் தொட்டிக்குச் சிமென்ட் பூசிக்கொண்டிருக்கிறது. ஊசிமேடு அதைப் பார்த்தது. வேலையைச் செய்வோம், ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று முடிவெடுத்தது. செய்வது தெரிந்தால் ஏற்றுக்கொண்டதாக எழுதிவிடுவார்கள் என்பதால் சத்தியம்.

“இப்ப ஸ்டேஷன்ல போய் இதச் சொன்னா இவரு வெளிய வந்துருவாரு,” என்றான் அஸ்லம். “ஆனா ரெண்டு ஆபீசும் கட்டிப்பிடிச்சு ஆடுவாவ. ஆறு வருசமா ஊர்தான் பராமரிச்சிருக்கு, இனிமேலும் ஊரே பாக்கட்டும்னு எழுதிருவாவ.”

வெயிலுகந்தம்மாள் அவனையே பார்த்தாள். “அய்யோ. நான் அதுவரைக்கும் யோசிக்கலையே. இவியள வெளிய கொண்டு வாரது வரைக்கும்தான் யோசிச்சேன்.” தலையில் அடித்துக்கொண்டாள். “சொல்லிராதீங்கக்கா. அய்யோ, சொல்லாமயும் இருந்துராதீங்க. என்ன செய்வேன் நான், என்ன செய்வேன்.”

எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல்கடையிலிருந்து அரை விரல்கடையாகச் சுருங்கியது.

சொர்ணத்தாய் எழுந்தார். “ஏட்டி, அழாத. முகத்தக் கழுவிட்டு வா. மணி மூணு.”

அவர்கள் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது நாலடிக்கப் பதினைந்து நிமிடம். வாசலில் ஜீப் தயாராக நின்றது. மோட்டாரை அடையாளம் காட்டிக் கையெழுத்துப் போடச் சாமித்துரை வந்திருந்தார். அவர் கையெழுத்துப் போடுவதைக் கண்ணால் பார்க்க முத்துகிருஷ்ணனும் வந்திருந்தார்.

“தம்பி, அஞ்சு நிமிசம் குடுங்க,” என்றார் சொர்ணத்தாய் இசக்கிபாண்டியிடம். “காகிதம் இன்னும் கோர்ட்டுக்குப் போகலையே?”

“இன்னும் என் மேசைலதான் இருக்கு யக்கா. அஞ்சுக்கு மேல தாங்காது.”

சொர்ணத்தாய் பையிலிருந்து புகாரின் நகலை எடுத்து, பதிவறைக் குரலில் வாசித்தார். “‘எங்கள் அலுவலகத்துக்குச் சொந்தமானதும், எங்கள் பராமரிப்பில் இருந்து வருவதுமான மேற்படி மோட்டாரை...’ சாமித்துரை சார், இது நீங்க எழுதுனதுதானே?”

முத்துகிருஷ்ணனின் முகத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. “அம்மா, அத இன்னொரு தடவ வாசிங்க.”

“அது... அரசாங்கப் பொருள்னு காட்டணும்ல, புகாருக்காக...” என்றார் சாமித்துரை.

“புகாருக்காகப் பொய் எழுதுனீங்களா?” இசக்கிபாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். “பொய்ப் புகாருன்னா அது வேற செக்சன் சார்.”

“பொய் இல்ல, பொய் இல்ல!”

“பொய் இல்லன்னா பராமரிப்பு உங்களது,” என்றார் சொர்ணத்தாய். அஸ்லம் மூடியைத் திருப்பிக் காட்டினான். “நாலு தடவ ரிப்பேர் ஆகியிருக்கு. ஒவ்வொரு தடவயும் கொண்டு போன ஆள் பேரு இருக்கு. உங்க ஆபீஸ் சொல்லித்தானே இவிய கொண்டு போயிருக்கணும்? வேற யாரு சொல்லுவா?”

சாமித்துரை நாலு பெயரையும் படித்தார். அதில் ஒருவரைக்கூட அவருக்குத் தெரியாது. ஆறு வருடத்தில் அந்த மோட்டார் ரூமின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதும் தெரியாது. ஆனால் அவர் முட்டாள் இல்லை. இல்லை என்றால் பொய்ப் புகார், ஆமாம் என்றால் ஆறு வருடம் ஒழுங்காக வேலை பார்த்த இன்ஜினியர். அவர் கண்ணில் கணக்குப் போடுவது தெரிந்தது.

“ஆமா,” என்றார் கடைசியில். “நாங்கதான்... சொல்லி அனுப்புனோம்.”

“அப்ப அஞ்சாவதா வெயிலுமுத்துகிட்ட நீங்கதானே ரிப்பேருக்குக் குடுத்தீங்க? மறந்துட்டீங்க. வேலைப்பளு.”

கடிகாரம் நாலுக்கு எட்டு நிமிடம் என்றது. முத்துகிருஷ்ணன் தன் பேனாவைக் கழற்றி நீட்டினார். “எழுதுங்க சார். சாட்சிக் கையெழுத்து நான் போடுதேன். சந்தோசமா போடுதேன்.”

சாமித்துரை எழுதினார். ஆறு ஆண்டுகளாகத் தமது அலுவலகம் செவ்வனே பராமரித்து வரும் மோட்டாரைப் பழுது நீக்கும் பொருட்டு மேற்படி வெயிலுமுத்துவிடம் தாங்களே ஒப்படைத்ததாகவும், தகவல் தெரியாமல் புகார் கொடுக்கப்பட்டுவிட்டதாகவும். இசக்கிபாண்டி சத்தமாக வாசித்தார்.

மூலையிலிருந்து வெயிலுமுத்து எழுந்தார். அந்த இரண்டு நாளில் அவர் தானாக வாயைத் திறந்தது அப்போதுதான்.

“அவிய பராமரிச்சாவளா? ஒரு நாள்... ஒரு நாளாவது அந்தச் சேத்த மிதிச்சிருக்காவளா?”

வெயிலுகந்தம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொர்ணத்தாய் பக்கத்தில் போய், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

“சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. உங்க ஊரு செஞ்ச வேலைக்கான பெருமையத்தான் அவருக்குக் குடுத்திருக்கேன். அதோட சுரங்கத்தையும் சேத்துல்ல வாங்கியிருக்காரு.”

வெயிலுமுத்து உட்கார்ந்து அழுதார். வெளியே விட்டதற்கு அழுதாரா, எழுதியதற்கு அழுதாரா என்று யாரும் கேட்கவில்லை.

“ஆறு வருசமா ஊர் தூக்கி வளத்த பிள்ளைக்கு இன்னைக்குத்தான் அப்பன் பேரு எழுதியிருக்கு,” என்றான் அஸ்லம் ஜீப்பின் மேல் சாய்ந்தபடி. வழக்கமாகத் தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பான். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த சனவரியில் சாமித்துரைக்குச் சிறந்த பராமரிப்புக்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். சித்திரையில் பதவி உயர்வோடு மேற்கே மாற்றலாகிப் போனார். கேடயம் ஆபீஸிலேயே இருக்கிறது, யார் துடைப்பது என்று தெரியவில்லை. முத்துகிருஷ்ணன் இங்கேயேதான், அதே கடையில் டீ குடிக்கிறார். அஸ்லமுக்குக் கயத்தாற்றில் நஸீமா என்ற பெண்ணை முடித்தார்கள். பெண் வீட்டார் விசாரிக்கச் சொன்னது சொர்ணத்தாயிடம்தான். ‘வாய் அதிகம், மற்றபடி குறையில்லை’ என்று எழுதிக் கொடுத்தார்.

சுரங்கத்துக்குப் புது மோட்டார் வந்துவிட்டது. ஆபீஸ் ஆளும் உண்டு. மழை விட்ட மறுநாளோ, அதற்கு மறுநாளோ வருகிறார்.

வெயிலுமுத்து குடும்பம் தை பிறந்ததும் வீட்டைக் காலி செய்து நாகலாபுரத்துக்குப் போய்விட்டது. போலீஸ் அவரைத் தெரு வழியாக நடத்திக்கொண்டு போனபோது, முறை போட்டு அந்தக் கம்பைப் பிடித்த எண்பத்தொரு வீடும் கதவை ஒரு விரல்கடை திறந்து பார்த்ததோடு சரி. சத்தியம்தான் காரணம், அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கதவுகளைக் கடந்து தினமும் நடக்க அவரால் முடியவில்லை.

காளீஸ்வரிக்குக் கழுகுமலையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஊசிமேட்டில் ஒரு வீட்டுக்கும் பத்திரிகை வைக்கவில்லை. அழைப்பில்லாமல் போனது செல்வமாரி ஒருத்திதான், முழங்காலை இழுத்துக்கொண்டு. வாசலில் நின்ற வெயிலுமுத்து “வாங்க” என்றார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லவில்லை.